எட்டு ஃப்ரேம் ஒரு வருடம்

நவம்பர் 3
போர்த்துக்கேயர் பிடித்த இடங்கள் வருடம் வருடமாகச் சிவப்பாகும் ஒரு வரைபட அனிமேஷன் செய்கிறேன். வட ஆப்பிரிக்காவில் 1415 சியூட்டாவில் தொடங்கி 1658 யாழ்ப்பாணத்தில் நிறுத்துகிறேன். 243 வருடம். வருடத்துக்கு எட்டு ஃப்ரேம் என்றால் மொத்தம் 1944. நொடிக்கு 24 ஓடினால் 81 நொடியில் பறங்கிக்காரர் கதை முடிந்தது. (கோவாவில் 1961 வரை இருந்தார்கள். அது வேறு கதை.) அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு இரண்டு கிழமை என்றார்கள்.

நவம்பர் 4
மழை. கரண்ட் இல்லை.

நவம்பர் 6
கோவா 1510, மலாக்கா 1511. இடையில் எட்டே ஃப்ரேம், கண் சிமிட்டினால் போச்சு. 1511-ஐ மட்டும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றை இழுத்தால் மற்ற வருடமெல்லாம் பொய்யாகிறது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 7
மாமா வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து வாசலில் நின்றபடியே பார்த்தார். 1591-ல் யாழ்ப்பாணத்துக்கு வரிக்கோடு, அரசன் பேருக்கு இருந்ததால். 1619-ல் முழுச் சிவப்பு.

"உது என்ன தம்பி, வட்டக்கச்சியும் சிவப்பாக் கிடக்கு?"

சோம்பலில் இன்றைய வட மாகாண எல்லையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அடங்காப்பற்று என்று பெயர் வாங்கின வன்னி நிலத்தை ஒரே கிளிக்கில் அடக்கிவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. இரணைமடுக் குளத்து வான்கதவு திறப்பார்களோ என்ற யோசனை அவருக்கு.

நவம்பர் 9
போன் வரவில்லை.

நவம்பர் 10
சிவப்பை வழித்தெடுத்தேன். மன்னாரில் 1560-க்கு ஒரு புள்ளி, குடாநாட்டில் நிறம். வன்னி வெறுமையாக நிற்கிறது, ஆளே இல்லாத காடு மாதிரி. அதுவும் பொய். வன்னியை ஆண்ட வன்னியர் யாழ்ப்பாணத்துக்கு யானைதான் திறையாகக் கொடுத்தார்கள். முடிந்தபோது கொடுக்காமலும் விட்டார்கள். ஆனையிறவு வழியே வடக்கே ஒரு அம்புக்குறி போட்டேன். கொடுக்காத வருடத்துக்கு அம்புக்குறியை என்ன செய்வது? வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803. என் 81 நொடிக்குள் வராது. இரவு இரண்டு மணி வரை பச்சை, மண்ணிறம், சாம்பல் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். சாம்பல் சாவீட்டு நிறம். அதை உடனே எடுத்துவிட்டேன்.

நவம்பர் 13
லிஸ்பனில் பங்குனியில் கிளம்பும் கப்பல் தென்மேற்குக் காற்றைப் பிடித்து கோவா சேர ஆறு மாதம். எனக்கு நாலு ஃப்ரேம். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்து பார்த்தா.

"நிக்காமல் ஓடுது. உள்ளுக்கை இருக்கிற சனம் சாப்பிடுறேல்லையோ?"

பாதி வழியில் பல்முரசு வீங்கிச் செத்தவர்கள் எத்தனையோ பேர். சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 14
இன்னும் இல்லை. வன்னிக்குப் பச்சை.

நவம்பர் 16
வான்கதவு திறந்துவிட்டார்கள். மாமா விடியவே போய்விட்டார். ரெண்டர் போட்டுவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். 1632-ஆவது ஃப்ரேமில் கரண்ட் போச்சு. எட்டால் பிரித்துப் பார்த்தேன்: 204. சரியாக 1619.

மாலை போன் வந்தது. நாளைக்கு நேரே வரட்டுமாம். போனில் சொல்லமாட்டார்களாம்.

நவம்பர் 17
பஸ் ஐந்தரைக்கு. அம்மா நாலு மணிக்கே சீலை உடுத்திக்கொண்டு இருக்கிறா.