மஞ்சள் இறங்கும் நாட்கள்

பிப்ரவரி 1, சனி

மகளுக்கு மஞ்சள் காமாலை. ரத்தத்தில் மஞ்சளின் அளவு, பிலிருபின், 9.6.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நேற்றைவிட மஞ்சள் கூடினாற்போலத்தான் தெரிகிறது. "நீ இப்படிப் பாத்துப் பாத்தேதான் கூடுது ம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னது: ஓய்வு, காய்ச்சின தண்ணீர், தனித் தட்டு, கேட்காமல் ஒரு மாத்திரையும் கூடாது. அம்மிச்சி சொல்வது: கீழாநெல்லி, மோர், உப்பில்லாத பத்தியம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கல்யாணத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அங்கே குடித்த வெல்கம் டிரிங்க்தான் என்று மனசு சொல்கிறது.

தர்பூசணி ஜூஸ் கேட்டாள். கடை ஜூஸ் வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பத்து நிமிஷம் புத்தகம் பிடித்தால் தலை வலிக்கிறது என்கிறாள். சரி, படம் பார் என்றேன். செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, அவள் படுத்தபடி, நான் கட்டில் காலடியில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்தபடி.

'தண்ணீர் மத்தன் தினங்கள்.' மலையாளப் படம், 2019-ல் வந்தது. அவளுக்கு நாலாவது தடவை, எனக்கு முதல். புதிதாக வந்த மலையாள வாத்தியார் ரவி சாரைப் பள்ளிக்கூடமே கொண்டாடுகிறது. ஜெய்சன் என்கிற பையனுக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகாது. கூடப் படிக்கிற கீர்த்தியை அவனுக்குப் பிடிக்கிறது. கதை இவ்வளவுதான். நடுநடுவே கடையில் நின்று தண்ணிமத்தன் ஜூஸ், அதாவது தர்பூசணி ஜூஸ், குடிக்கிறார்கள்.

நிறையச் சிரித்தேன். அந்தப் பையன் ஓரிடத்தில்கூட நம்மைச் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. அவனுக்கு எல்லாமே தலை போகிற காரியம். வகுப்பில் ஒரு அவமானம் என்றால் அதோடு உலகம் முடிந்தது. படம் எடுத்தவரும் அதை முழுசாக நம்பியிருக்கிறார். பெரியவர்கள் மேலே நின்றுகொண்டு "பசங்களைப் பாரு" என்று கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி எடுத்த படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றின் பெயர்கூட ஞாபகம் இல்லை.

'ஜாதிக்காத்தோட்டம்' பாட்டு வந்தபோது கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டாள். படுத்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடத்தில் சென்ட் ஆஃப் 21-ஆம் தேதி. அதற்குத் தைக்க வந்த ஜாக்கெட் பதினொன்று. எல்லாம் அவள் வகுப்புப் பெண்கள். அவளுக்கு நான் அளவு எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

சாயங்காலம் இரண்டு பையன்கள் நோட்டு கொண்டுவந்தார்கள். ஒருவன் கேட்டுக்கு வெளியிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவன் திண்ணை வரைக்கும் வந்து, "ஆன்ட்டி, இக்கனாமிக்ஸும் அக்கவுன்டன்சியும் இருக்கு" என்று தமிழில் சொல்லிப் பார்த்து, "இவ்விட வெச்சோட்டே" என்று மலையாளத்தில் முடித்தான். சீரகத் தண்ணீர் கொடுத்தேன். நன்றாகக் கொதித்த தண்ணீர், தனி டம்ளர். ஒரே மூச்சில் குடித்தான்.

என் கண் துணிக்குத்தான் போகும். அவனுடைய யூனிஃபார்ம் பேண்ட்டின் கால் மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளிறிப்போன ஒரு கோடு, அதற்குக் கீழே இரண்டு விரல்கடை அகலத்துக்குப் புது நிறம். கையால் தைத்த தையல், நூல் நிறம் சேரவில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறான்.

பிப்ரவரி 8, சனி

7.1. இறங்குகிறது! அவர் கள்ளு வண்டியோடு ஆலப்புழை போயிருக்கிறார். போனில் சொன்னேன். "ம்ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "ஏழு பாயின்ட் ஒண்ணா?" என்று மறுபடி கேட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்தக் கோடு கண்ணிலேயே நிற்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் படம் என்றால் நான் முதலில் யூனிஃபார்மைத்தான் பார்க்கிறேன். பாதிப் படங்களில் நேற்றுக் கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். காலர் விறைப்பாக, பாவாடைப் பிளீட் ஒன்றுகூடக் கலையாமல், இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது. நிஜத்தில் ப்ளஸ் டூ யூனிஃபார்ம் அப்படியா இருக்கிறது? பெஞ்சில் தேய்ந்து பின்பக்கம் பளபளப்பேறி, அக்குளில் சாயம் போய், பேனா கசிந்த பாக்கெட்டோடு, உடம்பு ஒரு பக்கம் வளர துணி ஒரு பக்கம் நிற்க. அந்த வயதின் கூச்சமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அவள் முன்னால் போய் நிற்க வேண்டும், பேண்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. சிரிப்பும் அங்கேயிருந்துதான் வருகிறது, நெஞ்சைப் பிடிப்பதும் அங்கேதான். அதை விட்டுவிட்டு வெளிநாட்டில் பாட்டு வைத்து என்ன செய்ய?

அப்புறம், அந்தப் பிள்ளைகளிடம் காசு கிடையாது, வண்டி கிடையாது, போக இடம் கிடையாது. பஸ் ஸ்டாப், ஜூஸ் கடை, டியூஷன் வாசல். அதற்குள்தான் ஒரு காதல் முழுசாக நடந்து முடிய வேண்டும். 'பிரேமம்' 2015-ல் வந்தது. எல்லாரும் மலர் டீச்சரைத்தான் சொல்வார்கள். எனக்கு மனசில் நிற்பது அதற்கு முன்னால் வருகிற மேரி பகுதி, ஆலுவாவில் அந்த நீர்ப்பாலத்து மேலே நடக்கிறது. ஒரு பெண் டியூஷனுக்குப் போகிறாள், பின்னாலேயே ஒரு கூட்டம் போகிறது. அதற்கு மேல் அவர்களுக்குப் போக்கிடம் ஏது?

இங்கே கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடையில் தமிழில் தர்பூசணி, மலையாளத்தில் தண்ணிமத்தன் என்று எழுதியிருக்கும். அங்கே யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போது நானும் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ராத்திரி முழுக்க அரிப்பு. இரண்டு பேரும் தூங்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இங்கிலீஷ் படம். 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ', 1999. ஷேக்ஸ்பியருடைய அடங்காப்பிடாரி நாடகத்தை எடுத்து ஒரு அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பையன் மைதானத்துப் படிக்கட்டில் ஆடிப் பாடுகிற காட்சியைப் பெரிதாகச் சொல்கிறார்களாம். இருக்கட்டும். எனக்கு அந்தப் பெண் வகுப்பில் எழுந்து நின்று கவிதை படிக்கிற இடம் போதும். உன்னிடம் இது பிடிக்கவில்லை, அது பிடிக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் உன்னைக் கொஞ்சம்கூட வெறுக்க முடியவில்லை என்று சொல்லும்போது அழுதுவிடுகிறாள். அவ்வளவு நேரம் யாருக்கும் மசியாதவள். முப்பது பேர் பார்க்க அழுவது அந்த வயதில் சின்ன விஷயமா?

படத்தைப் பார்த்து இவளும் அழுதாள். காமாலைக் கண்ணில் அழுதால் கண்ணீரும் மஞ்சளாக இருக்குமோ என்று கைக்குட்டையைப் பார்த்தேன். இல்லை.

பிப்ரவரி 12, புதன்

மறுபடி நோட்டு. மறுபடி ஒருவன் திண்ணையில், ஒருவன் கேட்டில். கேட்டில் நிற்கிறவனுக்கு பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. வெயிலில் நிற்கிறான், மற்றவன் திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்கிறான், ஒன்றும் கேட்காமல் பெடல் போடுகிறான். இப்படி ஒருவன் இல்லாத படம் எதுவும் நிற்காது. காதல் பையனை நாம் நம்புவதே இவன் அவனை நம்புவதால்தான்.

அவள் தூங்கினபின் நோட்டைப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. பாடமெல்லாம் நீல மையில் ஒழுங்காக எழுதியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், மலையாளத்தில், பொடி எழுத்து: இங்கே கரண்ட் போனது. இங்கே சார் தும்மினார், நாலு தடவை. இங்கே மழை வருகிற மாதிரி இருட்டியது, வரவில்லை. அவள் உட்காராத வகுப்பை அவளுக்காக முழுசாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை. நான் தப்புச் சொல்ல ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

என்ன செய்வது என்று நாள் முழுக்க அதே யோசனை. ஒரு ஜாக்கெட்டின் கையை மாற்றித் தைத்துப் பிரித்தேன்.

1997-ல் எனக்குப் பதினாறு வயது. பொள்ளாச்சியில் 'காதலுக்கு மரியாதை' பார்த்தேன். அதே வருஷம் நாத்தனார் பாலக்காட்டில் 'அனியத்திப்ராவு' பார்த்திருக்கிறார். இரண்டும் ஃபாசில் படம், இரண்டிலும் ஷாலினி. அங்கே குஞ்சாக்கோ போபன், இங்கே விஜய். அங்கே ஔசேப்பச்சன், இங்கே இளையராஜா. கல்யாணமாகி நான் இந்தப் பக்கம் வந்த புதிதில் எனக்கு மலையாளம் தட்டும், நாத்தனாரோடு பேச வேறு விஷயமும் கிடையாது. அந்தப் படத்தைத்தான் காட்சி காட்சியாகப் பேசினோம். எங்கே தொடங்கினாலும் கடைசிக் காட்சிக்கு வந்துவிடுவோம். ஓடிப்போன இரண்டு பேரும் வேண்டாமென்று பிரிந்து வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் முடிவு செய்கிறது இரண்டு அம்மாக்கள், ஸ்ரீவித்யாவும் கே.பி.ஏ.சி. லலிதாவும். இரண்டு மொழியிலும் அவர்களேதான்.

பதினாறு வயதில் நான் ஷாலினியைப் பார்த்தேன். இப்போது அந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன். என்ன தைரியம் அந்த அம்மாவுக்கு.

ஆனால் இங்கே கேட்க யாரும் வரவில்லை. நோட்டுதானே வந்திருக்கிறது. அவரிடம் சொல்லவா? சொன்னால் அது வேறு ஏதோவாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் நான் மறைத்ததாக ஆகிவிடும். மார்ச்சில் பரீட்சை.

பிப்ரவரி 14, வெள்ளி

அவன் வரவில்லை. ஆறு மணி வரைக்கும் கேட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நானும்தான்.

பிப்ரவரி 15, சனி

4.2.

நோட்டு வந்தது, கேட்டில் நிற்கிறவன் கையில். மற்றவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், வாந்தியாம்.

அந்த டம்ளர். நான் கொடுத்த தண்ணீர். கொதித்ததுதான், டம்ளரும் தனிதான், ஆனால் அன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேனா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அவன் அம்மா யாரென்றுகூட எனக்குத் தெரியாது. அந்தத் தையலைப் போட்டவள், நிறம் சேராத நூலில், அது மட்டும் தெரியும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

லேபில் இருக்கிற பெண்ணிடம் கேட்டேன். கிருமி உடம்பில் போய் வெளியே தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை ஆகும், 7-ஆம் தேதி குடித்த தண்ணீர் அதற்குள் ஒன்றும் செய்யாது, வேறு காய்ச்சலாக இருக்கும் என்றார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் இன்னொரு இங்கிலீஷ் படம், 2018-ல் வந்தது. ஒரு பெண் தனக்குப் பிடித்த ஐந்து பையன்களுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். தங்கச்சி எடுத்து எல்லாவற்றையும் தபாலில் போட்டுவிடுகிறாள். வீட்டில் அம்மா இல்லை, அப்பா மட்டும். அவரைக் கோமாளியாக்காமல், வில்லனாக்காமல், பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிற மனுஷராக விட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிதாகப் பட்டது. பெரியவர்களை மட்டம் தட்டித்தான் பிள்ளைகளை உயர்த்த முடியும் என்று நினைக்கிற படம் எனக்கு ஒட்டாது. பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு நாங்களும் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருக்கிறோம்.

"உங்கிட்ட அப்படி கடுதாசி எதாச்சும் இருந்துச்சா ம்மா?" என்றாள். ஒன்று இருந்தது என்றேன். மேலே கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அவனுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். இறங்கிவிட்டது.

வீட்டிலேயே தர்பூசணி அறுத்து, விதை எடுத்து, மத்தால் கடைந்து கொடுத்தேன். ஐஸ் இல்லாமல். "கடை ருசி இல்ல" என்றாள். முழுசும் குடித்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

2.3. சென்ட் ஆஃபுக்கு இரண்டு மணி நேரம் போய் வரலாம் என்றார் டாக்டர். ஆடக் கூடாது, வெளியில் ஒன்றும் சாப்பிடக் கூடாது, களைப்பாக இருந்தால் உடனே வீடு.

பஸ்ஸில் வரும்போதே அவள் கேட்டாள்: "ஒரு ராத்திரில தைக்க முடியுமா ம்மா?"

டேப் எடுத்தேன். போன ஓணத்துக்குத் தைத்த அளவைவிட மார்பில் ஒன்றரை அங்குலம் குறைந்திருக்கிறது. கை, குச்சி. உள்ளே அதிகமாகவே தையலுக்குத் துணி விட்டுத் தைக்கிறேன், உடம்பு திரும்பி வந்ததும் பிரித்துவிடலாம். என்னுடைய கல்யாணத்துப் பச்சைப் புடவைக்கு மாம்பழ மஞ்சள் ஜாக்கெட் வேண்டுமென்றாள். மஞ்சளா என்றேன். மஞ்சள்தான் என்றாள்.

பதினொரு மணி வரைக்கும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ம்மா, மடிப்புப் பிரிச்சா விழுகிற கோடு போகவே போகாதா?"

ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தால் கொஞ்சம் மங்கும், முழுசாகப் போகாது என்றேன்.

"நாளைக்குப் பசங்க எல்லாரும் முண்டுதான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலை 8.40. ஆட்டோ வந்துவிட்டது. காய்ச்சின தண்ணீர் பாட்டிலை எடுக்காமலே போகிறாள்.