வருடத்துக்கு 88 சென்ட்

அப்பா மியூனிக் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அரண்மனை, ஏரி, பனிமலை எல்லாம் காட்டியாகிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்பார், அதோடு சரி. முப்பத்தொரு வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் கட்டளையின் நிலங்களுக்கும் கடைகளுக்கும் குத்தகை, வாடகை வசூலிக்கும் குமாஸ்தாவாக இருந்தவர். அவரை அசைக்க வேண்டுமென்றால் வாடகையைக் காட்டினால்தான் உண்டு என்று தோன்றியது.

"ஆக்ஸ்புர்க்குன்னு ஒரு ஊர் இருக்குப்பா. முக்கால் மணி நேரம் ரயில். அங்க 88 சென்ட், ஒரு யூரோகூட இல்லாத வாடகையில வீடு இருக்கு."

"நாளுக்கா?"

"வருஷத்துக்கு."

பேப்பரை மடித்து வைத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த இடத்தின் பெயர் ஃபுக்கெரை. டிராமில் இறங்கினால் நாலு எட்டில் வாசல். உள்ளே போக நமக்கு டிக்கெட் உண்டு. ஒரு ஆள் டிக்கெட்டுக்குப் பல வருட வாடகை கட்டிவிடலாம் என்று கவுன்ட்டரிலேயே கணக்குப் போட்டுவிட்டார் அப்பா. மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று என்னை விட்டுக் கேட்கவும் சொன்னார்.

யாகோப் ஃபுக்கர் என்ற வணிகர் ஏழைகளுக்காகக் கட்டியது. வெள்ளிச் சுரங்கம், செப்பு, துணி, வட்டிக்கடை என்று அந்தக் கால ஐரோப்பாவின் பெரும் பணக்காரர். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குச் செலவான பணத்தில் பெரும்பகுதி இவர் கடனாகக் கொடுத்தது. போர்த்துக்கீசியர் மலபார் மிளகுக்காக 1505-இல் அனுப்பிய கப்பல்களிலும் ஆக்ஸ்புர்க் வணிகர்களோடு சேர்ந்து இவர் முதல் போட்டிருக்கிறார். இத்தனை சம்பாதித்தவருக்கு மறுமை பற்றிப் பயம் வந்திருக்கிறது போல. 1516-இல் வேலையைத் தொடங்கி 1523-க்குள் 52 வீடுகள் எழுப்பிவிட்டார்கள். அறக்கட்டளைப் பத்திரம் 1521-இல் எழுதியது. இன்றைக்கு 67 வீடுகள், அவற்றில் சுமார் 140 குடியிருப்புகள், நூற்றைம்பது பேர் வரை வாழ்கிறார்கள்.

வாடகை அன்று ஒரு ரைன் கில்டர், அந்தக் கால நாணயம். அதன் இன்றைய மதிப்பு என்று வைத்திருப்பதுதான் 88 சென்ட். கரண்ட், ஹீட்டிங் செலவு குடியிருப்பவர்களுடையது. இன்னொரு வாடகையும் உண்டு. நிறுவனர் குடும்பத்துக்காகத் தினம் மூன்று ஜெபங்கள் சொல்ல வேண்டும். சொன்னார்களா என்று யாரும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதில்லை.

இதை விளக்க எனக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "கட்டளைதானேம்மா. நம்ம ஊர்ல விளக்குக்கும் தளிகைக்கும் எழுதி வச்சாங்க. இவர் கூரைக்கு எழுதி வச்சிருக்கார்."

இளமஞ்சள் சுவர்கள், பச்சை ஜன்னல் கதவுகள், சுவரில் படர்ந்த கொடி. தெருக்கள் ரொம்ப நேராக இருந்ததால் எனக்கு முதலில் ஏதோ ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி தெரிந்தது. பிறகுதான் வாசல்களைக் கவனித்தேன். மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் தனித்தனி வாசல். ஏழைக்குக் கொடுக்கும் வீடுதானே, ஒரு கூடம் கட்டிப் பாய் போட்டால் போதும் என்று 1516-இல் யாரும் சொல்லியிருக்கலாம். கீழ் வீட்டுக்குச் சின்னத் தோட்டம், மேல் வீட்டுக்குப் பரண். ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் மணி அடிக்க ஓர் இரும்புக் கைப்பிடி தொங்குகிறது. ஒன்று இலை மாதிரி, ஒன்று பைன் காய் மாதிரி, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கவாம். அப்பா ஒரு கைப்பிடிக்கு நேரே கையைக் கொண்டுபோய், தொடாமல், காற்றிலேயே அதன் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தார். உள்ளே ஒரு பாட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துச் சிரித்தார். நூற்றைம்பது பேர் வாழும் இடத்தில் நாங்கள் டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார் ஒருவர், இங்கே குடியிருந்தாராம். அதைச் சொல்லும் கல்வெட்டின் முன் ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா நிற்கவில்லை. அவருக்கு வேறு விசாரணை இருந்தது.

"யாருக்குக் குடுக்கறாங்க?"

ஆக்ஸ்புர்க்காரராக இருக்க வேண்டும், வறுமையில் இருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை எனக்கு இடித்தது. இந்த ஊரிலேயே இன்று எத்தனை மதத்தவர்! அப்பாவுக்கு அது ஆச்சரியமில்லை, "எழுதி வச்சவர் இஷ்டம்" என்றார். காத்திருப்பவர்கள் அதிகம், முறை வரச் சில வருடங்கள் ஆகும், தோட்டம் உள்ள கீழ் வீடு கேட்டால் இன்னும் தள்ளிப்போகும். வந்தவர்களைக் கவனிக்க அறக்கட்டளையிலேயே சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் தோட்ட வேலை, இரவுக் காவல் என்று ஏதாவது செய்கிறார்கள்.

இரவுக் காவல் என்றதும் அப்பா நிமிர்ந்தார். பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தால் காவலருக்கு 50 சென்ட், நள்ளிரவு தாண்டினால் ஒரு யூரோ. ஒருநாள் ஊர் சுற்றிவிட்டு வந்தால் வருட வாடகையைத் தாண்டிவிடும். இந்த ஒரு சமாசாரத்தை ஊருக்கு போன் செய்து நாலு பேரிடம் சொன்னார்.

நடுவில் நீரூற்றுப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 140-ஐ 88-ஆல் பெருக்கினார். 123 யூரோ 20 சென்ட்.

"மொத்த ஊருக்கும் ஒரு வருஷ வசூல் இது. கூரை மாத்த யாரு காசு?"

எனக்குத் தெரிந்து, இப்படி ஒரு குறைந்த வாடகையைப் பார்த்தாலே அவருக்கு ஆத்திரம்தான் வரும். அவர் வசூலித்த கடைகளில் மாதம் நாற்பது ரூபாய்க்கு எடுத்தவர் அதை உள்வாடகைக்கு விட்டு ஆயிரக்கணக்கில் வாங்கினார். தாத்தா பெயரில் எடுத்த கடையில் பேரன் உட்கார்ந்திருந்தார். "ஏத்தாத வாடகை தர்மம் இல்ல, திருட்டுக்கு வாசல்" என்று வீட்டில் புலம்பாத நாள் கிடையாது. சத்திரத்துக் கூரை ஒழுகியபோது ஓடு மாற்றக் காசில்லை என்று கோப்பு திரும்பி வந்த கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

இங்கே வாடகை ஒரு பேச்சுக்குத்தான். செலவைத் தாங்குவது காடு. ஃபுக்கர் அறக்கட்டளைகளுக்கு மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு இருக்கிறது. வட்டியில் போட்டிருந்த முதல், பண மதிப்பு சரிந்த காலங்களில் கரைந்தாலும் மரம் கரையவில்லை. அதோடு எங்களைப் போன்றவர்களின் டிக்கெட் காசு. பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் சுவீடன் படை வந்து குடியிருந்தவர்களைத் துரத்தியது. 1944 பிப்ரவரி 25 இரவு குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்தது. குடியிருந்தவர்கள் பதுங்கிய பங்கர் இப்போது காட்சிக்கூடமாக இருக்கிறது. போர் முடியுமுன்பே, சில நாட்களிலேயே, திரும்பக் கட்டுவதென்று குடும்பத்தார் முடிவெடுத்துவிட்டார்கள். அப்பா அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். மேற்கூரை இல்லாத வீடுகள், சுவர் மட்டும்.

ரயிலில் திரும்பும்போது ஹெக்டேரை எங்கள் ஊர் நில அளவான வேலியாக மாற்றச் சொன்னார். ஆயிரம் வேலிக்கு மேல் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தவர், பாதி வழியில் கேட்டார்.

"ஆயிரம் வேலியில ஒரு ஆக்கிரமிப்பு கூடவா இல்ல?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மியூனிக் வருவதற்குள் இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டார்.