மேசன் திறந்த ஓட்டைக்குக் காப்புறுதி இல்லை

கச்சான் அடிக்கும் மாதங்களில்தான் திருகோணமலையில் பழைய ஓட்டைக் கழற்றுவதும் மேல்மாடி எழுப்புவதும் நடக்கும். ஆவணிக்குள் முடிப்பதாகத்தான் பேச்சு. ஓடாவி இன்னொரு வேலைக்குப் போய், கம்பி வரப் பிந்தி, ஐப்பசி பிறந்துவிடும். பாதிக் கூரைக்குத் தறப்பாளைக் கட்டிவிட்டு, "வீட்டுக்குத்தான் காப்புறுதி இருக்கே" என்று இருந்துவிடுவார்கள். அப்படி இருப்பவர்கள் பத்திரத்தில் புயல் பற்றிய பகுதியை எடுத்து ஒருமுறை வாசிக்க வேண்டும்.

வீட்டுக் காப்புறுதி என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் தீக்காப்புறுதி. புயல், வெள்ளம், களவு எல்லாம் அதோடு மேலதிகமாகச் சேர்த்தவை. புயல் பகுதியில் வழக்கமாக இரண்டு நிபந்தனைகள் இருக்கும். மழைநீர் உள்ளே வந்து பழுதாக்கினால், காற்று முதலில் கூரையையோ சுவரையோ உடைத்து வழி திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கூரை ஓடுகளை மேசன் கழற்றி, அந்த வழியால் மழை வந்து சீலிங்கும் மெத்தையும் ஊறினால், அது புயல் சேதம் ஆகாது. கட்டிக்கொண்டோ திருத்திக்கொண்டோ இருக்கும் கட்டடம் என்றால், வெளிக்கதவு, ஜன்னல் எல்லாம் பொருத்தி, மற்றத் திறப்புகளையும் மூடி முடித்துக் காற்றுமழைக்குப் பாதுகாப்பாக இருந்தால்தான் காப்பு என்பது மற்றது. தறப்பாள் இதற்குக் காணாது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படியொரு காற்றுக்குத் தறப்பாள் எந்த மூலைக்கு?

ஆகவே வேலை தொடங்கும் முன்பே கொம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். என்ன வேலை, எந்தத் திகதி தொடங்கி எந்தத் திகதி முடியும், கூரை எத்தனை நாள் திறந்திருக்கும், தாங்கும் சுவர் ஏதும் இடிபடுமா, வெல்டிங் உண்டா, செலவு எவ்வளவு, வீட்டில் ஆள் இருப்பார்களா: கடிதத்தில் இவ்வளவும் வர வேண்டும். சபையின் கட்டட அனுமதிப் பிரதியையும் இணையுங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் "பரவாயில்லை, செய்யுங்கோ" என்றது நாளைக்கு நிற்காது. கொம்பனி ஒப்புக்கொண்ட மாற்றத்தை எழுதிப் பத்திரத்தோடு இணைக்கும் தாள், அதாவது எண்டோஸ்மென்ட், கையில் வர வேண்டும். மேலதிகக் கட்டணம் கேட்பார்கள், சிலவேளை சில ஆபத்துகளை வேலை முடியும்வரை நிறுத்திவைப்பார்கள். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தூசி தாங்காமல் குடும்பம் பாலையூற்றுக்கோ கன்னியாவுக்கோ வாடகைக்குப் போனால் இன்னொரு சிக்கல். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு விலகும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கிறது. களவுக்கு, பூட்டையோ கதவையோ உடைத்து வந்த அடையாளம் கேட்பார்கள். கதவே இல்லாத நிலைக்குள்ளால் நடந்து வந்து வயரையும் பைப்பையும் கொண்டுபோனால் அடையாளத்துக்கு எங்கே போவது? முற்றத்தில் அடுக்கிய சீமெந்தும் கம்பியும் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்துக்குள் வராதவை.

புதிய பகுதிக்கும் அந்தச் சாமான்களுக்கும் வேறு பத்திரம் உண்டு: கட்டட வேலை நடக்கும் காலத்துக்கு எடுக்கும் கொன்ட்ராக்டர்ஸ் ஒல் ரிஸ்க். அயல் வீட்டு மதில் வெடித்தால் கொடுக்க வேண்டியதும் அதன் மூன்றாந்தரப்புப் பகுதியில் வரும். ஆனால் ஏற்கெனவே நிற்கும் பழைய வீட்டை அதில் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் வீடு விழுந்துவிடும். மேசனின் பிழை வேலையைத் திருத்தும் செலவு எதிலும் கிடையாது. சாரத்தில் இருந்து விழும் கூலியாளுக்கும் தனிக் காப்புறுதி தேவை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தப் பொறுப்பு வேலைகொள்வோருடையது. கொந்தராத்துக்காரர் அதை எடுத்திருக்கிறாரா என்று பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நாட்கூலிக்கு நீங்களே ஆள் பிடித்தால் அந்த வேலைகொள்வோர் நீங்கள்தான்.

அடுத்தது காப்புறுதித் தொகை. மேல்மாடி முடிந்தபிறகு வீட்டைத் திரும்பக் கட்ட 2 கோடி ரூபாய் வேண்டும், பத்திரத்தில் இருப்பது பழைய 1 கோடி 20 லட்சம் என்று வைப்போம். 30 லட்சத்துக்குச் சேதம் வந்தால் 30 லட்சம் வராது. 60 வீதத்துக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள் என்று கணக்குப் பார்த்து 18 லட்சம்தான் தருவார்கள், அதிலும் நீங்கள் ஏற்கவேண்டிய ஆரம்பத் தொகையைக் கழித்து. காணி விலையை இதில் சேர்க்காதீர்கள். காணி எரியாது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மேல் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குடியிருப்பு வீடு என்று எடுத்த பத்திரம் வியாபாரத்துக்குப் பொருந்தாது. வங்கிக் கடன் உள்ள வீடென்றால் வங்கிக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும், அயலவரின் மதிலில் உள்ள பழைய வெடிப்புகளையும் திகதி விழப் படமெடுத்து வையுங்கள். சேதம் நடந்தால் மேலும் பழுதாகாமல் மூடுங்கள், ஆனால் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை உடைந்ததை அள்ளிக் கொட்ட வேண்டாம். கோரிக்கையை மறுத்தால் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கொம்பனிக்கே முறைப்பாடு, பிறகு இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அல்லது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த மறுப்புக் கடிதத்தைத்தான்.