மகளின் யுஃபோனியத்துக்குப் புத்தகம் தேடிய கதை

மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஓர் இணைப்பாட நடவடிக்கை உண்டு. அவளுக்குப் பள்ளி இசைக்குழுவில் யுஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி கிடைத்தது. ஓராண்டு பள்ளித் தாள்களை வைத்தே ஊதினாள். விடுமுறையில் வீட்டில் பழகப் புத்தகம் வேண்டுமென்று கேட்டாள்.

பித்தளைக் கருவிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பெயர் ஆர்பன். டிரம்பெட் போன்ற கார்னெட்டுக்காக அவர் எழுதி 1864இல் வந்த பயிற்சிப் புத்தகத்துக்கும் அதே பெயர்தான். பழைய பிரதி மலிவாகக் கிடைத்ததால் வாங்கிவந்தேன். புரட்டிப் பார்த்தவள், “அப்பா, இது டிரெபிள் கிளெஃப். நான் படிக்கிறது பேஸ் கிளெஃப்” என்றாள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கிளெஃப் என்பது எந்தக் கோட்டில் எந்த நோட்டு என்று சொல்லும் குறி. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகளில் யுஃபோனியத்துக்கும் டிரெபிள் கிளெஃபில்தான் எழுதுவார்கள். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதும் நோட்டு அதில் ‘சி’. பேஸ் கிளெஃபில் அதுவே ‘பி ஃபிளாட்’. ஒலி ஒன்று, எழுத்து வேறு. அட்டையில் கருவியின் பெயர் இருந்தால் போதாது, உள்ளே ஒரு பக்கமாவது திறந்து பார்க்க வேண்டும்.

டிராம்போனுக்கும் யுஃபோனியத்துக்கும் பொதுவான பேஸ் கிளெஃப் ஆர்பனை வாங்கிக் கொடுத்தேன். வேகப் பயிற்சிகளில் மல்லுக்கட்டி உதடு மரத்துப்போனதுதான் மிச்சம். குழுவின் பயிற்றுநர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “மூச்சு எங்கே தீருதுன்னு பார்த்தீங்களா?”

அன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது பார், அதாவது தாளக்கட்டு, முடிவதற்குள் தோள் மேலே ஏறுகிறது, நாதம் மெலிகிறது. அவளுக்கு வேண்டியது விரல் வேகம் இல்லை, நீண்ட மூச்சு.

பயிற்றுநர் சொன்னது ரோஷூ. இத்தாலியப் பாடகர் போர்டோனி பாடகர்களுக்கு எழுதிய பயிற்சிகளை, பாஸ்டன் சிம்பொனியின் டிராம்போன் கலைஞர் ஜோவானஸ் ரோஷூ 1928இல் டிராம்போனுக்கு மாற்றித் தந்த தொகுப்பு. மொத்தம் 120, மூன்று பாகம். முதல் பாகமே இவளுக்குச் சில ஆண்டுகள் வரும். பாட்டுக்காகப் பிறந்தவை என்பதால் மூச்சு எங்கே எடுப்பது என்பது மெட்டிலேயே தெரிகிறது. முதலில் வாயால் பாடுகிறாள், பென்சிலால் சின்னக் காற்புள்ளி போடுகிறாள், பிறகு ஊதுகிறாள். எனக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது.

ஆர்பனையும் ஒதுக்கவில்லை. அதில் தினமும் ஸ்லர் பயிற்சி, அதாவது நோட்டுகளை இணைத்து ஊதுவது, ஒரு பக்கம் மட்டும். நேற்று ரோஷூவில் நான்கு பார் ஒரே மூச்சில் வந்தது. அந்த இடத்தில் போட்டிருந்த காற்புள்ளியை அவளே அழித்தாள்.