மூன்று வாரம் 800 மெகாஹெர்ட்ஸ்

நேற்று இரவு 11:40-க்கு என் மடிக்கணினி முதல் தடவையாக 2500 மெகாஹெர்ட்ஸில் நிலையாக ஓடியது, அதுவும் சார்ஜர் சொருகியபடியே. மூன்று வாரமாக அது 800-லேயே முடங்கிக் கிடந்தது. இதற்காக அந்த மூன்று வாரத்தில் நான்கு முறை லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, கம்பைல் செய்திருக்கிறேன். எழுதி வைக்காமல் படுக்க மனம் வரவில்லை.

மலேசியாவின் ஈப்போவில் பழைய சாமான் கடையில் 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்த 2011-ஆம் ஆண்டு ஆபீஸ் மடிக்கணினி. ஐ5-2520எம், இரண்டு கோர், அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கும் மேலே ஏறும் டர்போவில் ஒரு கோர் மட்டும் ஓடினால் 3.2, இரண்டும் ஓடினால் 3.0. வயதானாலும் என் வேலைக்குத் தாராளம். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி சுங்கை சிப்புட் டவுன் பக்கம் மாறிவந்தபோது பழைய ஆண்டு மலர்கள் ஒரு பெட்டி நிறைய எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அதில் 280 பக்கம் ஸ்கேன் எடுத்து, டெஸராக்ட் மென்பொருளில் தமிழ் எழுத்துணரி (படத்தில் உள்ளதை எழுத்தாக்குவது) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு 41 விநாடி ஆனது. இந்தச் சிப்புக்கு அது ரொம்ப அதிகம்.

கெர்னல் 6.12. லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டு, இந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் விட்டு இளைக்க வைத்தது. மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் பவர் மேனேஜ்மென்டுக்குள் நுழைந்து சிபியு ஃப்ரீக்வென்சி ஸ்கேலிங்கைத் தேடிப்பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், தாண்டிப்போகிறேன். நான் செய்த முக்கிய மாறுதல், சிப்பின் வேகத்தை மாற்றும் டிரைவர்களில் இன்டெல் பி-ஸ்டேட்டை எடுத்துவிட்டு ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்கை வைத்தது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வசதியையும் சேர்த்துக்கொண்டேன். பி-ஸ்டேட்டில் வேக அட்டவணை கிடையாது, அதனால் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் 'டைம்_இன்_ஸ்டேட்' கோப்பும் கிடைக்காது. எனக்கு அந்தக் கோப்பு வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தைப்பிங்கில் இருக்கும் நண்பர் என் பிரச்சினையைக் கேட்டவுடனே, "நீ பவர்சேவ் கவர்னர் வச்சிருப்ப, அதான்" என்றார். கவர்னர் என்பது எந்த வேகம் வேண்டும் என்று முடிவெடுத்துக் கேட்கும் பகுதி. அவர் கணினியில் பவர்சேவ்தான் இருக்கிறது, ஆனால் அது வேகமாகத்தான் ஓடுகிறது. ஏனென்றால் அவருடையது பி-ஸ்டேட்டின் ஆக்டிவ் நிலை. அங்கே பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே பெயர்கள்தான். அந்தப் பவர்சேவ் வேலைக்குத் தகுந்தபடி வேகத்தை ஏற்றி இறக்கும். ஏசிபிஐ டிரைவரில் அதே பெயருக்கு அர்த்தமே வேறு: இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். ஒரே பெயர், இரண்டு குணம். புதிதாக வருகிறவர்களை இந்தப் பெயர்கள் எவ்வளவு அலைக்கழிக்கின்றன! 5.7 பதிப்பிலிருந்து எச்டபிள்யூபி (சிப்பே தன் வேகத்தைத் தீர்மானிக்கும் வசதி) இல்லாத பழைய சிப்புகளில் பி-ஸ்டேட் தானாகவே பாசிவ் நிலையில், பொதுவான கவர்னர்கள் சொல்கிறபடி, எழும்புகிறது என்பதையும் சேர்த்தால் பழைய குறிப்புகள் பாதிக்குப் பாதி பொருந்தாது. என்னிடம் இருந்தது 'ஸ்கெட்யூட்டில்' என்ற வேறு கவர்னர், வேலைக்குத் தகுந்தபடி வேகம் கேட்பது. கவர்னர் மேல் குற்றமில்லை.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

280 பக்கமும் ஒரு இரவு முழுக்க ஓடி முடிந்தபின் டைம்_இன்_ஸ்டேட்டைத் திறந்து பார்த்தேன். 2501000 (கிலோஹெர்ட்ஸ் கணக்கு, அதுதான் உச்சம்) என்ற வரிக்கு எதிரே 1186420 என்று இருந்தது. அலகு 10 மில்லிவிநாடி. அப்படியானால் 3 மணி 17 நிமிடம் உச்ச வேகத்தில் ஓடியிருக்கிறது. 800000 வரியில் சொற்பம்தான். சந்தோஷப்பட வேண்டிய கணக்கு. ஆனால் எழுத்துணரி ஓடிக்கொண்டிருந்தபோதே, அப்போதைய வேகத்தைச் சொல்லும் ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் கோப்பு 798 மெகாஹெர்ட்ஸ் என்றது. வேகம் அளக்கும் டர்போஸ்டாட் கருவியிலும் 798. பத்து தடவை பார்த்தேன், பத்து தடவையும் 798-தான், சில நேரம் 797.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தண்டல், அதாவது மேற்பார்வையாளர், பேர் கூப்பிட்டு மர நிரை பிரித்துக் கொடுப்பார். கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பதிவார். இன்னார் இந்த நிரைக்குப் போனார் என்று செக்ரோல் சொல்லும். ஆனால் எவ்வளவு பால் வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஸ்டோரில் வாளியைத் தராசில் ஏற்ற வேண்டும். டைம்_இன்_ஸ்டேட் செக்ரோல். கவர்னர் சிப்பிடம் என்ன கேட்டது என்பதைத்தான் அது பதிந்துவைக்கிறது. ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் தராசு. எக்ஸ்86-இல் 6.12 கெர்னல் அந்த எண்ணை ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்ற இரண்டு எண்ணிகளை வைத்துக் கணக்கிடுகிறது. எம்பெர்ஃப் எப்போதும் அடிப்படை வேகத்தில் ஏறும், ஏபெர்ஃப் உண்மையில் ஓடிய வேகத்தில் ஏறும். இரண்டையும் வகுத்து 2500-ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். எனக்கு வகுத்தல் 0.32 வந்தது. கவர்னர் 2501 கேட்கிறது, சிப்பு 798 கொடுக்கிறது. நான் இரண்டு வாரமாகச் செக்ரோலையே திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது, மூன்றாவது கம்பைல் எல்லாம் அதற்குப் போனவைதான். 800 மெகாஹெர்ட்ஸில் ஒரு கம்பைலுக்கு இரண்டரை மணி நேரம்.

பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சூட்டில் தணிக்கிறதா? இங்கே மதியம் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் சூடாகும். ஆனால் சென்சார் 52 பாகை என்றது. இந்தச் சிப்புக்கு 100 வரை தாங்கும், ஆகவே சூடு இல்லை. மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் கட்டுப்படுத்துகிறதா? பயாஸ்_லிமிட் கோப்பு 2501000 என்றது, அங்கேயும் தடையில்லை. இணையத்தில் எல்லோரும் சொல்கிற இக்னோர்_பிபிசி பூட் அளவுருவையும் போட்டேன். ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட நகரவில்லை. நகராததற்குக் காரணம் இருக்கிறது. பிபிசி என்பது பயாஸ் ஏசிபிஐ வழியாக இயங்குதளத்துக்குச் சொல்கிற வரம்பு. அது இருந்தால் பயாஸ்_லிமிட்டிலேயே குறைந்த எண் தெரியும், கவர்னரின் கேட்பே குறைந்துவிடும். என் கேட்பு குறையவில்லை. பயாஸ்_லிமிட்டில் முழு எண் இருக்கிறவர்கள் அந்த அளவுருவில் நேரத்தைப் போடாதீர்கள்.

விடை போன செவ்வாய்க்கிழமை இடியோடு வந்தது. சாயங்காலம் நாலரை இருக்கும், கெலேடாங் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "மின்னுதுடா, வயரையெல்லாம் புடுங்கு, டிவியும் சேர்த்து" என்றார். டிவி, மோடம், மடிக்கணினி, எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். பேட்டரி 63 விழுக்காடு. வாரக்கணக்காக 63-லேயே நின்றிருந்தது, பழைய பேட்டரி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதுவும் ஒரு தடயம், கவனிக்கவில்லை. எழுத்துணரி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிந்தால் திரையில் ஒரு வரி விழும். வழக்கமாக ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அன்றைக்கு வரிகள் சடசடவென்று விழுந்தன. 12 விநாடிக்கு ஒன்று. கர்_ஃப்ரீக் 2990-க்கு மேல். மழை விட்டதும் பிளக்கைச் சொருகினேன். 798.

சார்ஜர்!

பிடி புரோசாட் பற்றி அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். சிப்பில் புரோசாட் என்று ஒரு கால் இருக்கிறது. சூடு மீறினால் சிப்பு அதன் வழியாக வெளியே குரல் கொடுக்கும். அதே கால் இரண்டு திசையிலும் வேலை செய்யும். மதர்போர்டும் அதை இழுத்து, "வேகத்தைக் குறை" என்று சிப்புக்குச் சொல்லலாம். சொன்னவுடனே சிப்பு அடிவேகத்துக்கு இறங்கிவிடும், கெர்னலைக் கேட்காது, கெர்னலிடம் சொல்லவும் செய்யாது. தண்டல் என்ன நிரை பிரித்தாலும் பங்களாவிலிருந்து தோட்டத்துத் துரை (மேலாளர்) சொல்லியனுப்பினால் அதுதான் அன்றைய வேலை. மதர்போர்டு எதற்காக இழுக்கிறது? என் மடிக்கணினிக்கான சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் சின்னச் சிப்பு அதன் வழியே, "நான் 90 வாட்" என்று சொல்லும். அந்தச் செய்தி வராவிட்டால் எத்தனை வாட் கிடைக்கும் என்று மதர்போர்டுக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக வேகத்தை இறக்கி, பேட்டரிக்கு மின்னேற்றுவதையும் நிறுத்திவிடும். பூட் ஆகும்போது திரையில் எச்சரிக்கை வரவேண்டும். முன்பு வைத்திருந்தவர் பயாஸில் அந்த எச்சரிக்கையை அணைத்திருந்தார்.

உறுதி செய்துகொள்ள சிப்பின் உள்பதிவகங்களைப் படிக்க உதவும் எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றி, 1எஃப்சி என்ற பதிவகத்தைப் படித்தேன். 4005டி. கடைசி டி என்பது இரும எண்ணில் 1101. அந்தக் கடைசி 1-தான் வெளியிலிருந்து வரும் புரோசாட்டைக் கேட்கச் சொல்லும் பிட். 4005சி என்று எழுதினேன். கெர்னல் பதிவில் எச்சரிக்கை ஒன்று வந்தது, அடுத்த விநாடியே 2993. சொருகிய சார்ஜரோடு! கை நடுங்கியது என்றால் மிகையில்லை.

ஆனாலும் அதை அப்படியே விடவில்லை, திருப்பி 4005டி எழுதிவிட்டேன். பலர் இந்த ஒரு வரியைப் பூட் ஸ்கிரிப்டில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். சார்ஜர் உண்மையிலேயே 45 வாட்டாக இருந்தால்? உண்மையிலேயே வேறு ஏதாவது கொதித்து மதர்போர்டு குரல் கொடுத்தால்? காதை அடைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பியைத்தான் பார்க்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ரப்பர் உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறினேன். மேலே பின்னல் கம்பி. அதை ஒதுக்கினால் உள்ளே தடித்த கம்பி. இரண்டுக்கும் இடையில் தலைமுடி மாதிரி ஒரு நீலக் கம்பி. உறை வளையும் கழுத்துப் பக்கத்தில், நீல உறைக்குள்ளேயே செம்பு இற்றுப்போய்ப் பச்சைப் பொடியாக இருந்தது. உறை முழுசாக இருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் சத்தமே இல்லை. இற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை உரசி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மூன்று முறை விட்டுப்போனது, நான்காவது தடவை பிடித்தது. சொருகினேன். பேட்டரி விளக்கு எரிந்தது. 63, 64.

வேகம் வந்தவுடன் வேறு வேலை வந்தது. மூன்று கிகாஹெர்ட்ஸில் விசிறி அலறுகிறது, 88 பாகை. அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறார். ஏசிபிஐ டிரைவரின் அட்டவணையில் உச்சியில் இரண்டு எண்கள் இருக்கும்: 2501000, 2500000. அந்தக் கூடுதல் 1000-ஐ ஒரு மெகாஹெர்ட்ஸ் என்று நினைக்கக்கூடாது, அதுதான் டர்போவின் அடையாளம். உச்ச வரம்பை வைக்கும் ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் கோப்பில் 2500000 எழுதினால் டர்போ நின்றுவிடும். பக்கத்துக்கு 14 விநாடி, 74 பாகை, விசிறிச் சத்தம் கதவைத் தாண்டவில்லை. இரண்டு விநாடிதான் நஷ்டம். 280 பக்கத்துக்கு ஒன்பது நிமிடம் கூடுகிறது, தூக்கத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. பகலில் யாரும் படுத்திராத நேரத்தில் மட்டும் 2501000.

ஸ்கெட்யூட்டிலா, ஆன்டிமாண்ட் என்ற பழைய கவர்னரா என்று இரண்டு இரவு ஒப்பிட்டேன். எழுத்துணரி மாதிரி தொடர்ந்து அழுத்தும் வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்கெட்யூட்டில் 1.25 மடங்கு கூட்டிக் கேட்கிறது, அதாவது உச்சத்தில் 80 விழுக்காடு வேலை வந்தாலே உச்ச வேகத்தைக் கேட்டுவிடும். தட்டச்சு செய்யும்போது அது இன்னும் நிதானமாக ஏறி இறங்குகிறது என்று எனக்குப் படுகிறது. ஆன்டிமாண்ட் மூலக்கோப்பைத் திறந்தால் தலைப்பில் வெங்கடேஷ் பல்லிபாடி என்று ஒரு பெயர், 2003. உலகத்தில் எத்தனையோ கணினிகளின் வேகத்தை அத்தனை வருடம் தீர்மானித்த கோப்பு. ஆனாலும் ஸ்கெட்யூட்டிலையே வைத்துக்கொள்கிறேன்.

சார்ஜர் விஷயமாக ஒரு தகவல். ஈப்போவில் விசாரித்தேன். புதிது என்று 35 வெள்ளிக்குக் கொடுப்பதில் நடு ஊசி வெறும் அலங்காரம், எதோடும் இணைந்திருக்காது. பழைய அசல், 19.5 வோல்ட் 4.62 ஆம்பியர், 60 வெள்ளி. வாங்கினால் பழைய அசலை வாங்குங்கள். மல்டிமீட்டரால் இது தெரியாது, மடிக்கணினியையே கடைக்குக் கொண்டுபோங்கள். சொருகி, பயாஸில் அடாப்டர் பக்கத்தைத் திறந்து 90 வாட் என்று தெரிகிறதா பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அடுத்து ஹீட்சிங்க்கைக் கழற்றித் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும். 74-ஐ 65-க்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன், அப்புறம் இரவிலும் டர்போ போட்டுப் பார்க்கலாம். பெட்டியில் இன்னும் 11 மலர்கள் ஸ்கேன் எடுக்காமல் கிடக்கின்றன. பூட் ஆகும்போது தானாக 2500000 எழுதுகிற யூனிட் கோப்பையும் இன்னும் போடவில்லை, ஒவ்வொரு பூட்டுக்கும் கையால்தான் எழுதுகிறேன். சார்ஜர் கழுத்தில் சுருங்கும் குழாய் போடவில்லை, கறுப்பு டேப்தான் சுற்றியிருக்கிறது. டவுனில் மின்சாமான் கடை திங்கட்கிழமைதான் திறக்கும், அதுவரை அந்த வயரை யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.