35ஆம் நாள் எடுத்த மஜ்ஜை

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு 5 வயது. பி-செல் ஏ.எல்.எல். என்றார்கள். பி-செல் என்ற வெள்ளையணு முதிராமலே பெருகும் வகை அது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, மருத்துவமனைக்கு அருகிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். ஸ்டீராய்டு கிளப்பிய பசியில் நள்ளிரவு 2 மணிக்கு அவள் இட்லி கேட்டு அழுவாள், என் மனைவி எழுந்து அவித்துக் கொடுப்பாள். அந்த முதல் மாதத்தைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பரிசோதனையைப் பற்றி. எம்.ஆர்.டி. என்பார்கள். முதல் கட்ட கீமோ முடிந்த பிறகு உடம்பில் எவ்வளவு நோய் மிச்சம் இருக்கிறது என்று அளப்பது. முன்பே யாராவது இதை எனக்குத் தமிழில் விளக்கியிருந்தால், கேட்க வேண்டியதை நேரத்தோடு கேட்டிருப்பேன்.

சிகிச்சை தொடங்கிய எட்டாம் நாள் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. ஒரு வாரம் கொடுத்த ஸ்டீராய்டிலேயே ரத்தத்தில் இருந்த பிளாஸ்ட் செல்கள், அதாவது முதிராத செல்கள், வெகுவாகக் குறைந்திருந்தன. அதனால் 35ஆம் நாள் இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தபோது ஓரளவு தைரியமாகவே இருந்தோம். இரண்டு நாளில் மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் வந்தது. பிளாஸ்ட் 2 சதவீதம். 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் ரிமிஷன், அதாவது நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "அப்பா, ரிமிஷன் நல்ல சேதிதான். ஆனா இன்னொரு ரிப்போர்ட் வரணும். அதை வச்சுத்தான் அடுத்த மருந்தை முடிவு பண்ணுவோம்" என்றார். நோய் கண்டுபிடிக்கும்போது ஒரு குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். கீமோவுக்குப் பிறகு அதில் பத்தாயிரத்தில் ஒன்று தப்பித்தாலும் பத்துக் கோடி. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது சிக்காது. ஆனால் நோய் திரும்புவதென்றால் அந்த மிச்சத்திலிருந்துதான் திரும்பும்.

பத்தாயிரத்தில் ஒன்று, அதாவது 0.01 சதவீதம். எங்கள் மருத்துவமனையில் அதுதான் எல்லைக்கோடு. அறைக்கு வந்து என் மனைவி இதை அரிசியில் கணக்குப் போட்டாள். ஒரு கிலோ அரிசியில் சுமார் 50,000 மணி இருக்கும். அதில் ஐந்தே ஐந்து கல். அதைத் தேடிப் பிடிக்கிற பரிசோதனை இது.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்று லேபில் இருந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் சி.டி.19, சி.டி.10, சி.டி.34 என்று பல அடையாளங்கள் உண்டு. அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயங்களைச் சேர்த்து, செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடுவார்கள். இதற்குப் பெயர் ஃப்ளோ சைட்டோமெட்ரி. லட்சக்கணக்கில் ஓடவிட வேண்டும். 5 லட்சம் செல்களைப் பார்த்தால்தான், 0.01 சதவீத அளவில் 50 புற்றுச் செல்களாவது கையில் கிடைக்கும். அதைவிடக் குறைந்தால் முடிவை நம்ப முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறதாம். கீமோவுக்குப் பிறகு மஜ்ஜை மீண்டும் துளிர்க்கும்போது, நல்ல பி-செல்களின் குஞ்சுகளும் முளைத்து வரும். பார்வைக்கு அவையும் புற்றுச் செல்களைப் போலவே இருக்கும். எங்கள் வயலில் நெல் நாற்றோடு முளைக்கிற களைப்புல்லும் அப்படித்தான். இளசில் பிரித்தறிய அப்பாவைப் போல அனுபவப்பட்ட கண் வேண்டும். லேபில் அந்தக் கண்ணுக்கு உதவுவது முதல் நாள் எடுத்த ஃப்ளோ ரிப்போர்ட். நோயைக் கண்டுபிடித்த அன்று இவளுடைய புற்றுச் செல் எப்படி இருந்தது என்பது அதில்தான் பதிவாகியிருக்கிறது. இடையில் மருத்துவமனை மாறுகிறவர்கள் அந்தக் காகிதத்தைக் கட்டாயம் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

சரி, எங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நான்கு நாள் கழித்து வந்தது. 'காணப்படவில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: மாதிரியில் ரத்தம் கலந்திருக்கிறது, முடிவை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளவும். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நான் அழுதேன். இரண்டாவது வரியை டாக்டர்தான் காட்டினார்.

ஊசியில் முதலில் இழுக்கும் ஒன்றிரண்டு மில்லிதான் அசல் மஜ்ஜை. மேலும் இழுக்க இழுக்கச் சுற்றியுள்ள ரத்தம் வந்து கலந்துவிடும். எம்.ஆர்.டி.க்கு அந்த முதல் இழுப்புதான் போக வேண்டும். என் மகளுக்கு அன்று முதல் இழுப்பு மற்ற பரிசோதனைகளுக்குப் போய், எம்.ஆர்.டி. குழாய் கடைசியில் நிரம்பியிருக்கிறது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த 5 வயதுக் குழந்தையை மறுபடி வெறும் வயிற்றில் காத்திருக்கவைத்து, மயக்க மருந்து கொடுத்து, அதே இடுப்பில் குத்தினார்கள். இந்த முறை நானே கேட்டேன்: "மேடம், முதல் இழுப்பு எம்.ஆர்.டி.க்குத்தானே?" டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "ஆமாப்பா, அதுக்குத்தான்" என்று குழாயைக் காட்டினார். அதனால் சொல்கிறேன், கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டாவது ரிப்போர்ட்டில் வந்தது 0.08 சதவீதம்.

ஃபைலில் 'ஸ்டாண்டர்ட் ரிஸ்க்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'ஹை ரிஸ்க்' என்று எழுதினார்கள். நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று அர்த்தம். என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நான் சாப்பாட்டுல ஏதாவது குறை வச்சுட்டேனா டாக்டர்?" என்பது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, சில செல் மருந்துக்குச் சீக்கிரம் சாகும், சிலது தாக்குப்பிடிக்கும். அது அந்தச் செல்லோட குணம். நீங்க பண்ணினது எதுவும் இல்லை" என்றார். அன்று அவர் சொன்னதில் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது இதுதான்.

அப்புறம் பிரிட்டனில் நடந்த யூ.கே.ஏ.எல்.எல். 2003 என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார். முதல் கட்டத்தின் முடிவில் 0.01 சதவீதமோ அதற்கு மேலோ நோய் மிஞ்சியிருந்த 533 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான கீமோவும் மறுபாதிக்குக் கூடுதல் கீமோவும் கொடுத்தார்கள். 5 ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் நல்லபடியாக இருந்தவர்கள் வழக்கமான கீமோவில் 82.8 சதவீதம், கூடுதல் கீமோவில் 89.6 சதவீதம். 2014இல் வெளியான முடிவு அது. நோய் மிச்சமில்லாத குழந்தைகளுக்கு மருந்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இந்தப் பரிசோதனையின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. எம்.ஆர்.டி. அளக்காமல் இருந்திருந்தால், 2 சதவீதம் பிளாஸ்ட் என்ற ரிப்போர்ட்டை நம்பி இவளுக்குக் குறைந்த மருந்தே போயிருக்கும்.

எண் வருங்காலத்தைச் சொல்லுமா என்று கேட்டேன். "நூறு குழந்தைகளைப் பத்தித்தான் எண் சொல்லும், உங்க பொண்ணைப் பத்திச் சொல்லாது. பாசிட்டிவ் வந்து நல்லா இருக்கிற பிள்ளைங்க நிறைய. நெகட்டிவ் வந்தும் நோய் திரும்பினவங்களும் உண்டு" என்றார்.

அடுத்த கட்டம் கடினமாக இருந்தது. சைக்ளோபாஸ்பமைட், சைட்டரபின் என்ற கீமோ மருந்துகள், ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கி இரண்டு தடவை காய்ச்சல், பிளேட்லெட் தேடி நண்பர்களுக்கெல்லாம் போன். வாயெல்லாம் புண். நான் ஊரில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முழுதாகச் சென்னையிலேயே இருந்தேன்.

அந்தக் கட்டம் முடிந்து மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். முதல் இழுப்பு. திங்கள்கிழமை காலை. வார இறுதியில் எடுத்தால் மாதிரி லேபில் காத்துக்கிடந்து செல்கள் செத்துவிடும் என்பதால் டாக்டரே பார்த்துக் குறித்த நாள். ரிப்போர்ட் வந்ததும் முதலில் இரண்டாவது வரியைத்தான் தேடினேன். மாதிரி தரமாக இருக்கிறது, இத்தனை லட்சம் செல்கள் பார்க்கப்பட்டன என்று இருந்தது. அதன் பிறகே முதல் வரிக்குப் போனேன். காணப்படவில்லை.

காணப்படவில்லை என்றால் அந்த இயந்திரத்தின் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம், சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. அதனால்தான் மருந்து இன்னும் ஓடுகிறது. இப்போது மெயின்டனன்ஸ், நோய் திரும்பாமல் காக்க நீண்ட நாள் மருந்து கொடுக்கும் கட்டம். தினமும் ராத்திரி 6-எம்.பி. என்ற கீமோ மாத்திரை, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொன்று. வெள்ளிக்கிழமைதான் மெத்தோட்ரெக்சேட் நாள் என்று என் மகளுக்கே தெரியும். எத்தனை மாத்திரை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.