எந்தத் துறைக்கும் பொருந்திய என் விடை

பொதுக் கொள்கைத் தாளை முதல் முறை எழுதியபோது, 20 மதிப்பெண் கேள்வி ஒன்றில் எனக்குக் கிடைத்தது 7. ‘பொதுச் சுகாதார நெருக்கடிகளில் மாற்றுத்திறனாளிகள் தொடர்பான அரசின் கொள்கை எவ்வாறு உருவாகிறது? ஆராய்க’ என்பது கேள்வி. நான்கு பக்கம் எழுதியிருந்தேன். கொள்கைச் சுழற்சிப் படத்தை அளவுகோல் வைத்து வரைந்து, சிக்கலை இனங்காணல், மாற்றுவழிகளை வகுத்தல், முடிவெடுத்தல், செயல்படுத்தல், மதிப்பிடல் என்று ஐந்து கட்டத்தையும் நிரப்பியிருந்தேன். விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு வரி இருந்தது: “நோய் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாலை என்று போட்டாலும் இந்த விடை அப்படியே நிற்கும்.”

எரிச்சலாகத்தான் இருந்தது. அன்று இரவு சும்மா மாற்றிப் போட்டு வாசித்துப் பார்த்தேன். நின்றது.

அதற்குப் பிறகு படிக்கும் முறையைத் தலைகீழாக மாற்றினேன். கோட்பாடுகளை மூடி வைத்துவிட்டு, நிஜத்தில் எடுக்கப்பட்ட சில முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் யார் எடுத்த முடிவு, எந்த நாளில், எந்தத் தாளில், அப்போது அறைக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று தேடினேன். மூன்று நான்கு முடிவுகளை இப்படித் தெரிந்துகொண்டாலே போதும். இருபதை மேலோட்டமாகத் தெரிந்து வைத்திருந்த காலத்தில்தான் எனக்கு 7 வந்தது.

நான் முதலில் எடுத்தது தாலிடோமைடு. 1957 இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் எடுத்துக்கொண்ட மருந்து. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000 குழந்தைகளுக்கு மேல் கை கால் வளர்ச்சிக் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறை அதிகாரி பிரான்சிஸ் கெல்சி போதிய சான்று இல்லை என்று ஒப்புதலைத் தள்ளிக்கொண்டே போனது எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் இருக்கும். தேர்வுக்குப் பயன்படுவது அதற்கு அடுத்த பகுதி. செனட்டர் கெஃபாவர் 1959 முதலே மருந்து விலை பற்றி விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மசோதா நகராமல் கிடந்தது. 1962 கோடையில் தாலிடோமைடு செய்தி வெடித்ததும் அதே மசோதா எழுந்து ஓடியது, அக்டோபரில் சட்டமானது. ஆனால் விலை பற்றிய பகுதி பெரும்பாலும் உதிர்ந்துபோய், மருந்து வேலை செய்கிறது என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்ற விதி முன்னுக்கு வந்தது. தாலிடோமைடில் எழுந்த கேள்வியோ பாதுகாப்பு பற்றியது!

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன் 1984 இல் சொன்ன மூன்று ஓடைகள் இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தன. சிக்கல், தீர்வு, அரசியல் மூன்றும் தனித்தனியே ஓடுகின்றன, ஒரு வாய்ப்புச் சாளரம் திறக்கும்போது சேர்கின்றன என்பது அவர் கருத்து. அதாவது, நெருக்கடி வந்த பிறகு அரசு உட்கார்ந்து தீர்வைத் தேடுவதில்லை. ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருந்த தீர்வு வந்த சிக்கலோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இனி வரும் மருந்துகளுக்கான சட்டம் அமெரிக்காவில் சில மாதங்களில் வந்துவிட்டது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிரிட்டன் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இழப்பீட்டு உடன்பாடு 1973 இல்தான் வந்தது. நெருக்கடிக் கொள்கைக்கும் மாற்றுத்திறனாளர் கொள்கைக்கும் கடிகாரமே வேறு. இந்த ஒரு வாக்கியத்தை விரித்தே இரண்டு பக்கம் எழுதலாம்.

இரண்டாவது, அமெரிக்காவின் 504ஆம் பிரிவு. மத்திய அரசு நிதி பெறும் திட்டங்களில் மாற்றுத்திறனாளி என்பதற்காக யாரையும் ஒதுக்கக்கூடாது என்று 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஒரே ஒரு வாக்கியம் அது. வாக்கியம் இருந்தது, விதிமுறைகள் இல்லை. விதிமுறைகளில் கையெழுத்து விழ 1977 ஏப்ரல் 28 வரை ஆயிற்று. அதுவும் சும்மா விழவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் சக்கர நாற்காலிகளோடு மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களால் விழுந்தது. ஜூடி ஹியூமன் அவர்களில் ஒருவர். ‘செயல்படுத்தல்’ என்ற கட்டத்தை ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். சட்டத்துக்கும் விதிமுறைக்கும் நடுவில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காணாமல் போகலாம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. 2020 மார்ச் 20 அன்று, கோவிட் நோயாளிகளில் யாரைத் தீவிர சிகிச்சைக்குப் பரிசீலிப்பது என்பது பற்றி, இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு ஓர் ஆவணத்தை வெளியிட்டது. பெரியவர்கள் எல்லோரையும் தளர்ச்சி அளவுகோலில் மதிப்பிடச் சொன்னது அது. முதியவர்களுக்காக உருவான அளவுகோல். குளிக்க, உடுத்தப் பிறர் உதவி வேண்டுமென்றால் எண் கூடும். எண் கூடினால் தீவிர சிகிச்சை பொருந்துமா என்ற கேள்வி எழும். முப்பது வயதில், பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதத்தோடு வாழும் ஒருவரை அதில் வைத்துப் பாருங்கள். அவர் நல்ல உடல்நிலையில் இருக்கிறார், பக்கத்தில் ஓர் உதவியாளர் இருக்கிறார், அவ்வளவுதான். தாள் அவரைச் சாகும் தறுவாயில் இருக்கும் முதியவரோடு சேர்த்துவிடும். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, திருத்தம் வந்தது: இளையவர்கள், நிலையான நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்கள், கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் விஷயம். அவசரத்தில் கைக்கு எட்டிய கருவியை எடுத்தார்கள், அந்தக் கருவிக்குள் ஒரு பழைய அனுமானம் உட்கார்ந்திருந்தது. உதவி தேவைப்படுவது என்றால் உடல் நலிவு என்ற அனுமானம். மருத்துவ மாதிரி (சிக்கல் உடலில் இருக்கிறது), சமூக மாதிரி (சிக்கலைச் சூழல் உண்டாக்குகிறது) என்று இரண்டு தலைப்புப் போட்டு அட்டவணை எழுதுவதைவிட, இந்த ஐந்து நாளை எழுதுங்கள். இரண்டு மாதிரிகளும் தாமாகவே வந்து நிற்கும்.

தமிழில் தேர்வு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சொற்களில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சமூக மாதிரியின் அடிப்படையே இரண்டு சொற்களைப் பிரிப்பதுதான். உடலில் இருப்பது ஒன்று, படிக்கட்டும் படிவமும் சேர்ந்து உண்டாக்குவது இன்னொன்று. நான் முதல் முறை இரண்டுக்கும் ‘மாற்றுத்திறன்’ என்றே எழுதி, வாதத்தை நானே குழப்பிவிட்டேன். இப்போது முதலாவதற்குக் ‘குறைபாடு’, இரண்டாவதற்கு ‘இயலாமை’ என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைக் குறிக்கும்போது மாற்றுத்திறனாளி.

அப்புறம் எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி 130 கோடிப் பேர், அதாவது உலக மக்களில் 16 சதவீதத்தினர், கணிசமான இயலாமையோடு வாழ்கிறார்கள். இந்த எண்ணை எல்லோரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். எப்படி எண்ணினார்கள் என்று எழுதினால்தான் தனித்துத் தெரியும். கணக்கெடுப்பில் ‘நீங்கள் மாற்றுத்திறனாளியா?’ என்று நேராகக் கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் வாஷிங்டன் குழு என்ற புள்ளியியல் குழு ஆறு கேள்விகளை வைத்தது: பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தன்னைக் கவனித்துக்கொள்ள, பேசிப் புரிந்துகொள்ளச் சிரமம் உண்டா, எவ்வளவு? கேள்வி மாறினால் எண்ணிக்கை மாறும், அதோடு ஒதுக்கீடும் மாறும்.

எண்ணைப் போடும்போது அதன் வரம்பையும் சொல்லுங்கள். 2020 ஜனவரி முதல் நவம்பர் வரை இங்கிலாந்தில் கோவிட் மரணங்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் மாற்றுத்திறனாளிகள், ஆய்வில் இருந்த மக்களிலோ அவர்கள் 17 சதவீதம்தான் என்று அரசுப் புள்ளியியல் அலுவலகம் சொன்னது. இதை அப்படியே போட்டால் ஒரு கெட்டிக்காரத் திருத்துநர், அவர்களில் முதியவர்கள் அதிகம் அல்லவா என்று கேட்பார். வயதைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை என்ற வரியையும் சேர்த்தால் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டு, 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முன்னுரையை மனப்பாடம் செய்ய வேண்டாம். பேரிடர், அவசரநிலை பற்றிய 11ஆம் பிரிவும் சுகாதாரம் பற்றிய 25ஆம் பிரிவும் தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் போதும்.

தேர்வறையில் நான் செய்தது இவ்வளவுதான். 20 மதிப்பெண் கேள்விக்கு 35 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, கேள்வி எந்தக் கட்டத்தைக் கேட்கிறது என்று மட்டும் யோசித்தேன். ‘உருவாகிறது’ என்றால் சாளரம், ‘செயல்படுத்தல்’ என்றால் 504. சம்பவத்தில் தொடங்கி, பிறகு கோட்பாட்டின் பெயரைச் சொன்னேன். படம் வரையவில்லை. படம் வரைந்தால் மதிப்பெண் கூடும் என்று என்னிடம் நிறையப் பேர் சொன்னார்கள். என் அனுபவத்தில், சொல்ல விஷயம் இல்லாதபோதுதான் கை படம் போடத் தேடுகிறது.

இரண்டாம் முறை 14 வந்தது. போன ஆறு மதிப்பெண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியது, கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் ஜிகா வைரஸ் பற்றி. அதை உலக அவசரநிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி 1 அன்று அறிவித்தது, நவம்பர் 18 அன்று முடித்தும் வைத்தது. ஒன்பதரை மாதம். பிறவியிலேயே ஜிகா பாதிப்போடு பிறந்த குழந்தைகளுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் தரும் பிரேசில் சட்டம் 2020 ஏப்ரலில்தான் வந்தது. தொகை அப்போது ஒரு குறைந்தபட்ச மாத ஊதியம். ஏற்கெனவே பெற்றுவந்த உதவித்தொகையை விட்டால்தான் இதைப் பெற முடிந்தது. அதுவும் 2015 க்கும் 2019 க்கும் இடையில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும்.